சாவியைத் திருப்பாதீர்கள்: முப்பது ஆண்டுகள் உறங்கிய சில்வர் ஷேடோவை எழுப்பும் முறை

கராஜ் கதவு முனகிக்கொண்டு திறக்கிறது. தூசிக்கு அடியில் நீண்ட பானட்டும், கிரேக்கக் கோயில் முகப்பைப் போல நிமிர்ந்து நிற்கும் கிரில்லும் தெரிகின்றன. உரிமையாளர் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து வந்துவிட்டார். என் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தருகிறேன், ஒருமுறை அடித்துப் பார்ப்போமே என்று கூட வந்த நண்பர் சொல்கிறார். அத்தனை ஆண்டுகள் கெடாமல் கிடந்த கார்கள் பல, இந்த ஐந்து நிமிட ஆசையில்தான் கெட்டுப்போகின்றன. அந்தச் சாவியை வாங்கி உங்கள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் பல வாரங்களுக்கு அது அங்கேயே இருக்கட்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ. 1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் க்ரூ நகரில் தயாரான கார் இது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களிலேயே அதிக எண்ணிக்கையில் விற்றவற்றுள் ஒன்று என்பதால், பிரிட்டனில் வீட்டு கராஜ்களிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் இன்னும் எத்தனையோ ஷேடோக்கள் உறங்குகின்றன. தாத்தா ஓட்டினார், அவர் போன பிறகு யாரும் தொடவில்லை என்ற கதையோடு சில சமயம் சாதாரணப் பழைய காரின் விலைக்கே வந்துவிடும். ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவதற்குத் தயாராக இல்லாதவர்கள் அந்த விலையைக் கண்டு மயங்கவேண்டாம். நான் இதுவரை மூன்று ஷேடோக்களின் உறக்கத்தைக் கலைத்திருக்கிறேன். மூன்றிலும் வாங்கிய விலையைவிடப் பிரேக்குக்கு ஆன செலவே அதிகம்.

வாங்குவதற்கு முன்

காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உடலில் எங்கெல்லாம் அது ஒட்டவில்லையோ அங்கெல்லாம் துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்பது பழைய கார் வாங்குபவர்களின் பொதுவான கணக்கு. ஷேடோவில் அந்தக் கணக்கு பாதிதான் செல்லும். இதன் கதவுகளும் பானட்டும் டிக்கி மூடியும் அலுமினியத்தால் ஆனவை. அங்கே காந்தம் ஒட்டாததுதான் சரி. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, பின்சக்கர வளைவுகள், முன்பின் கண்ணாடிகளின் ஓரங்கள் ஆகியவை எஃகு. துரு தேடவேண்டிய இடங்கள் அவை. இது ரோல்ஸ் ராய்ஸ் தனிச் சட்டகம் இல்லாமல் செய்த முதல் கார். உடலே எலும்புக்கூடு. எனவே சில் அரித்திருந்தால் அதை அழகு சார்ந்த குறையாக நினைக்காதீர்கள். காரின் முதுகெலும்பே அரித்திருக்கிறது என்று பொருள்.

சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்எச் என்று தொடங்கினால் அது வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட சில்வர் ஷேடோ. எஸ்பிஎச் என்றால் அதன் உடன்பிறப்பான பென்ட்லி டி. நார்த்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பெரி என்ற ஊரில், 1957இல் தொடங்கிய ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் தலைமையகமான ஹன்ட் ஹவுஸ் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் எழுதிய ஆவணங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. உங்கள் கார் என்ன நிறத்தில், எந்தத் தோலோடு, யாருக்காகப் புறப்பட்டது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். இந்தத் தாள்களைப் படித்த பிறகு காரை வெறும் இரும்பாகப் பார்க்க முடியாது. அதனால் நான் அவற்றை வேலை தொடங்கும் முன்பே வரவழைத்துவிடுவேன்.

வெளியே எடுத்தல்

பிரேக் பிடித்தபடியே இறுகியிருக்கும். கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் உருளாமல் தேயும். முதலில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கார் இரண்டு டன்னுக்கும் மேல் எடை கொண்டது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூடக் கீழே விடக்கூடாது. இரும்புத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். அவற்றையும் அரித்துப்போன சில்லுக்கு அடியில் வைக்காதீர்கள்.

புதியவர்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் இருக்கிறது. ஷேடோவின் கியர் லீவர் ஒரு மின்விசைதான். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் அந்த மெல்லிய தண்டை விரலால் அசைத்தால், கீழே கியர் பாக்ஸில் இருக்கும் ஒரு மோட்டார் உண்மையான வேலையைச் செய்யும். பேட்டரி செத்திருந்தால் கார் பார்க்கிங் நிலையிலேயே பூட்டிக்கிடக்கும். இந்தக் கட்டத்தில் தற்காலிகமாகப் பேட்டரி வைக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான். அதற்கும் முன்னால் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே ஒரு ஃபியூஸ் போடுங்கள். லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் மூடியும் மின்சாரத்தில்தான் திறக்கும். அது திறக்காவிட்டால் நெம்பி உடைக்கவேண்டாம். டிக்கிக்குள் கையால் இழுத்துத் திறக்கும் வசதி உண்டு.

ஏன் இன்ஜினை இப்போதே அடிக்கக்கூடாது

சாவியை ஏன் பைக்குள் போடச் சொன்னேன் என்பதை இப்போது சொல்கிறேன். மற்ற கார்களில் இன்ஜின் ஒரு வேலை, பிரேக் வேறொரு வேலை. ஷேடோவில் இரண்டும் ஒரே தண்டில் கட்டப்பட்டவை. இன்ஜினின் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இரண்டு சிறிய ஹைட்ராலிக் பம்புகள் உட்கார்ந்திருக்கின்றன. கேம் தண்டு சுழன்றால் அவையும் இயங்கும். அவை அனுப்பும் அழுத்தம், உள்ளே நைட்ரஜன் அடைத்த இரண்டு இரும்பு உருண்டைகளில் சேர்ந்து நிற்கிறது. அக்யுமுலேட்டர் என்று அவற்றைச் சொல்வார்கள். நாலு சக்கர பிரேக்கும், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் காரின் பின்புறத்தைத் தாழாமல் வைத்திருக்கும் அமைப்பும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் உயிர் பெறுகின்றன. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த ஏற்பாடு இது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இதில் ஓடும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் வகையைச் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளில் அது தண்ணீர் கலந்த பழுப்புக் கஷாயமாகியிருக்கும். எஃகுக் குழாய்களின் உட்பக்கம் துருப்பிடித்திருக்கும். தொட்டியின் அடியில் வண்டல் படிந்திருக்கும். தொட்டி காலியாகவே போயிருக்கவும் வாய்ப்புண்டு. இன்ஜின் ஒரு நிமிடம் ஓடினாலே பம்புகள் அந்தச் சேற்றை வால்வு ஒவ்வொன்றுக்கும் பரிமாறிவிடும். தொட்டி காலியாக இருந்தால் பம்புகள் உலர்ந்தபடியே உராயும். அதனால் ஷேடோவில் முதல் வேலை பிரேக். இன்ஜின் அதற்குப் பிறகுதான்.

பிரேக்: அவசரப்படக்கூடாத இடம்

முதலில் ஆயிலின் பெயரைப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்யுங்கள். சில்வர் ஷேடோவுக்கு வேண்டியது ஆர்ஆர் 363. சாதாரண பிரேக் ஆயிலின் குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆனால் உயவுக்காக ஆமணக்கெண்ணெய் சார்ந்த பொருள் சேர்த்தது. 1980இல் ஷேடோவுக்குப் பின் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு வேண்டியதோ பச்சை நிற மினரல் ஆயில். இரண்டு கார்களும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்கு விஷம். ஷேடோவின் ரப்பர் சீல்கள் மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும்.

நான் எழுப்பிய இரண்டாவது காரில் இதுதான் நடந்திருந்தது. 1976ஆம் ஆண்டு கார். உறங்கப்போவதற்குச் சற்று முன்பு ஒரு பணிமனையில் தொட்டியை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தபோது உள்ளே பச்சைச் சாயல் தெரிந்தது. தொட்டியை மட்டும் கழுவிவிட்டால் போதும் என்று நான் நினைத்தது பெரும் தவறு. மூன்று வாரம் கழித்து, சக்கரங்களில் பேட்களை அழுத்திப் பிரேக் பிடிக்கும் காலிப்பர்களைப் பிரித்தபோது ஒவ்வொரு சீலும் அப்பளம் எண்ணெயில் பொரிந்தது போல உப்பியிருந்தது. பம்ப், வால்வு, காலிப்பர், காரின் பின்புறத்தைத் தாழாமல் தாங்கும் உயர்த்திகள் என்று கடைசி ரப்பர் துண்டுவரை மாற்றவேண்டியிருந்தது. அதனால்தான் தொட்டி மூடியைத் திறந்ததும் ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு நிறத்தைப் பாருங்கள் என்று யாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இனி வேலை. எந்த இணைப்பைத் தளர்த்துவதற்கு முன்பும் அக்யுமுலேட்டர்களின் அடியிலுள்ள வால்வுகளில் காற்று வெளியேற்றும் திருகுகளைத் திறந்து அழுத்தத்தை இறக்கவேண்டும். திருகில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டுத் திறங்கள். வேலை செய்யும் காரில் இந்த அமைப்புக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் நிற்கும். முப்பது ஆண்டு கழித்து மிச்சம் ஏதும் இராது என்று உங்களுக்கே தோன்றும். தோன்றினாலும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் திறக்கவேண்டும்.

பிறகு ஆயில் தொட்டியை முழுதாகக் கழற்றி, உள்ளே உள்ள வலைச் சல்லடைகளை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவுங்கள். வளையும் ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றுங்கள். ஒன்றுகூட விதிவிலக்கல்ல. பழைய ஹோஸ் வெளியே நன்றாகவே தெரியும், உள்ளே மட்டும் வீங்கி வழியை அடைத்திருக்கும். பிரேக் பிடிக்கும், விடாது. நெடுஞ்சாலையில் சக்கரத்திலிருந்து புகை வரும்போதுதான் அது தெரியவரும்.

முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு காலிப்பர்கள். அவற்றின் பிஸ்டன்கள் பெரும்பாலும் துருவேறி ஒட்டியிருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து புது சீல் போடுவது பொறுமையுள்ள எவருக்கும் கைவரும் வேலை. ஆனால் பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத்தடை வந்தது 1999இல்தான். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, தரைக்கு அடியில், மிதியை வால்வுகளோடு இணைக்கும் நெம்புகோல்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை எலிப்பொறி என்றே அழைக்கிறார்கள். பார்த்தால் உங்களுக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். சாலை ஈரமெல்லாம் படும் இடம் அது, இறுகிக்கிடக்கும். அதன் மூட்டுகள் தடையின்றி அசைந்து திரும்பும்வரை விடாதீர்கள்.

அக்யுமுலேட்டர் உருண்டைகளை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே ஒரு சவ்வு இருக்கும். அதற்கு ஒருபுறம் ஆயில், மறுபுறம் 1,000 பவுண்டு அழுத்தத்தில் நைட்ரஜன். கழற்றி, இந்த வேலை தெரிந்த நிபுணரிடம் கொடுத்துப் புதுச் சவ்வும் வாயுவும் ஏற்றி வாங்குங்கள். இந்தச் செலவைக் குறைக்க நினைப்பவர் இந்தக் காரை வைத்திருக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாம் கூடிய பிறகு ஆர்ஆர் 363 ஊற்றி, தொட்டியின் மேல் அதன் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுத்து யாராவது கை வைக்கும்போது அந்தச் சீட்டு காரைக் காப்பாற்றும்.

இன்ஜினும் அதைச் சுற்றியவையும்

எட்டு சிலிண்டர் இன்ஜின். தொடக்கத்தில் 6,230 சிசி, 1970 முதல் 6,750 சிசி. பிளாக் அலுமினியம், அதற்குள் கூலன்ட்டில் நனைந்தபடி நிற்கும் வார்ப்பிரும்பு லைனர்கள், அதாவது சிலிண்டர் உறைகள். இந்தக் கூட்டணிக்கு வெறும் தண்ணீர் ஆகாது. அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் இல்லாமல் ஓட்டியிருந்தால் அலுமினியம் கரைந்து, பிளாக்கின் பின்பகுதியில் சேறாகப் படிந்திருக்கும். ரேடியேட்டரைத் திறந்து வடித்தால் மட்டும் அந்தச் சேறு வராது. பிளாக்கின் வடிகால் திருகுகளைக் கழற்றி, கம்பியால் குத்தி, தெளிந்த நீர் வரும்வரை அலசவேண்டும். பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கும். அங்கே கசிவின் தடம் தெரிந்தால் லைனர் சீல் போயிருக்கிறது என்று பொருள். தடம் ஏதும் இல்லாத இன்ஜின் கிடைத்தால் மகிழ்ச்சியோடு அடுத்த வேலைக்குப் போங்கள்.

எட்டு பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நின்றுவிட்டால் பலம் கொடுக்காதீர்கள். இன்னும் ஆயில், இன்னும் நாள். முழுதாக இரண்டு சுற்று தடையின்றிச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளே, ஒரு பொத்தானை அழுத்தினால் இன்ஜின் ஆயிலின் அளவையும் காட்டும். அன்றைக்கு அது பெரிய சொகுசு. ஆனால் இத்தனை ஆண்டு உறங்கிய மின்சாரத்தை நம்பாமல் அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள்.

பெட்ரோல் டாங்கியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிக்கும், அரக்குப் போல ஒட்டும். முழுவதும் வடித்துவிடுங்கள். டாங்கிக்குள் துரு இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம்வரை எத்தனால். ஷேடோவுக்கு இ5 என்று குறித்த சூப்பர் வகையே ஏற்றது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டையும் பிரித்து, மிதவை அறையைச் சுத்தம் செய்து, விறைத்த ரப்பர்களை மாற்றி, மேல் குழாயில் சில சொட்டு ஆயில் விட்டால் அவை மறுபடி மூச்சுவிடும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டை நுண்ணிய மணல்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பெல்ட்டும் ஹோஸும் எல்லாம் புதிது. கியர் பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

சாவிக்கு வேலை வரும் நாள்

காரை வெளியே, திறந்த இடத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கட்டை, கை பிரேக், எட்டும் தூரத்தில் தீயணைப்பான். லீவரை பார்க்கிங்கில் வைத்து, கியர் மாற்றும் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். பானட்டுக்குள் நீங்கள் குனிந்திருக்கும்போது உள்ளே இருப்பவரின் கை அந்த லீவரில் பட்டால், இரண்டு டன் உங்கள் மேல் வரும்.

பிளக்குகள் இல்லாமலேயே, பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். ஆயில் அழுத்தம் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு பிளக்குகளை மாட்டுங்கள். முதன்முறை பற்றியதும் நீலப்புகை வரும், அது நீங்கள் சிலிண்டரில் விட்ட ஆயில். இன்ஜின் வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் டாப்பெட்கள் கொஞ்ச நேரம் டக்டக்கென்று தட்டும். ஆயில் நிரம்பியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் கண் இருக்கவேண்டிய இடம் டாஷ்போர்டின் இரண்டு பிரேக் எச்சரிக்கை விளக்குகள். அழுத்தம் சேரச் சேர அவை ஒவ்வொன்றாக அணையவேண்டும். சில நிமிடங்கள் கடந்தும் ஒன்று எரிந்துகொண்டே இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

அணைந்ததா? ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்ஜினை நிறுத்தி, சாவியை விளக்குகள் எரியும் நிலையில் வைத்து, பிரேக்கை எண்ணி எண்ணி மிதியுங்கள். நல்ல அக்யுமுலேட்டர்கள் என்றால் விளக்கு எரிவதற்கு முன் பல பத்து முறை மிதிக்கலாம். பத்துக்குள்ளேயே எரிந்தால் அந்த உருண்டைகள் மறுபடி நிபுணரிடம் போகவேண்டும். அன்று எனக்கு முதல் காரில் நாற்பதைத் தாண்டியது. நானும் காரின் சொந்தக்காரரும் சிறுவர்களைப் போல உரக்க எண்ணிக்கொண்டிருந்தோம்.

உள்ளே

தோல் இருக்கைகள், வால்நட் மரப் பலகை, வில்டன் கம்பளி விரிப்பு. விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், அந்துப்பூச்சிகள் அரித்த இடங்கள் இருக்கும். அடியில் ஈரமும் இருக்கும். அனைத்தையும் எடுத்து நிழலில் நாள்கணக்கில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். தோலுக்கு முதலில் மெல்லிய சோப்பு, பிறகு அதற்கென்று விற்கும் களிம்பு, அதுவும் பல தவணையாக. விரிசல் விட்ட தோலைப் புதிதாக மாற்றத் துடிக்காதீர்கள். அந்தத் தோலில் ஐம்பது ஆண்டுப் பயணம் படிந்திருக்கிறது.

தாள்கள்

பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த கார் வரலாற்று வாகன வகைக்கு மாறலாம், சாலை வரி கிடையாது. 2018 மே முதல் பெரிய மாற்றங்கள் செய்யாத இத்தகைய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தும் நான் எழுப்பிய ஒவ்வொரு காரையும் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அடிப்பகுதியை நம்மைத் தவிர வேறொரு கண் பார்ப்பது நல்லது. இன்சூரன்ஸில் காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் வகையைக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு: 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத காரை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள், செல்லுபடி பத்து ஆண்டு. அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லலாம்.

முதல் ஓட்டம்

டயரின் பக்கவாட்டில் தேதி எண் இருக்கும். பூப்போட்ட தடம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். நான்கும் புதிது, ஸ்டெப்னியும் புதிது. கழற்றிய கியர் ஃபியூஸை மாட்டுங்கள். முதலில் வீட்டு வாசலுக்குள்ளேயே நகர்ந்து நின்று பாருங்கள். ஷேடோவின் பிரேக் மிதி அதிகம் இறங்காது, தொட்டதுமே பிடிக்கும். பழகாத கால் முதல்முறை கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிடும், தலை முன்னால் போய் வரும். அடுத்த நாள் தெருமுனை வரை. திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோய் வெப்பத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்தக் காலிப்பர் விடாமல் பிடிக்கிறது, மறுபடி பிரிக்கவேண்டும். இரவில் காருக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில், எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

எனது மூன்றாவது கார் இப்போது அந்த அட்டைக் கட்டத்தில் இருக்கிறது. இன்று காலை இரண்டு சொட்டு, வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு அருகே, தெளிந்த மஞ்சள் நிறம். சனிக்கிழமை அந்த உயர்த்தியின் சீலை மாற்றப்போகிறேன்.